காரணம்: மற்றவை

லெக்னிட்சாவுக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம்,
ஜன்னலில்லாத கிடங்கில்
ஜெர்மனி வேண்டாமென்றதைப் பிரிக்கிறேன்.
மணிக்கு நாற்பத்தைந்து பொட்டலம்.
கீறு, விரி, முகர், காரணம் படி,
எண்ணைத் தட்டு, பெட்டியில் போடு.

ஒன்று: அளவு சரியில்லை.
இரண்டு: படத்தில் இருந்த நிறம் இதில் இல்லை.
மூன்று: மனம் மாறிவிட்டது.
நான்கு: மற்றவை.

இந்த வேலைக்கு மூக்கு முக்கியம்.
கல்யாணத்துக்குப் போய்வந்த கவுனை
உடுத்தவே இல்லை என்று எழுதியிருப்பார்கள்.
அக்குளில் அத்தர், விளிம்பில் ஒயின்,
பைக்குள் ஒரு சீட்டு: மேசை எண் பதினொன்று.
யார் வீட்டுக் கல்யாணமோ,
மணமக்களாவது திரும்பி வராதிருக்கட்டும்.

பக்கத்து மேசை ஒலேஸ்யா
எல்லை தாண்டப் பதினேழு மணிநேரம் நின்றவள்.
ஒரு சட்டையை உதறிப் பிடித்து
'டாக்கா, ஹாம்பர்க், இங்கே, மறுபடி ஹாம்பர்க்.
இதனிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை பார்' என்பாள்.

ஜனவரியில் கோட்டுகள் வந்தன.
முதல் நாள் பத்து,
மறுவாரம் லாரி லாரியாக.
முழங்காலைத் தொடுபவை, தொப்பியில் ரோமம் வைத்தவை,
மைனஸ் இருபதைத் தாங்குவேன் என்று
விலைச்சீட்டில் சத்தியம் செய்தவை.
ஒன்றிலும் ஆள்வாசனை இல்லை.
காரணம் எழுதும் இடத்தில்
ஸ்டுட்கார்ட்காரர்: 'குளிரவில்லை.'
பிரேமனிலிருந்து: 'இன்னும் குளிரவில்லை.'
லைப்சிக்கிலிருந்து, கோணல் எழுத்தில்,
மன்னிப்புக் கேட்பதுபோல:
'கோட்டு நன்றாகத்தான் இருக்கிறது.
குளிர்காலம்தான் இல்லை.'

இதற்கு எண் கிடையாது.
'நான்கில் போடு' என்றார் மேற்பார்வையாளர் த்செசாரி.
நான்கு நிரம்பியது.
மாலைக்குள் அதன் பக்கத்தில்
இன்னும் மூன்று நான்குகள் வைத்தோம்.

மறுபடி மடித்து, நீராவி காட்டி, விற்பதைவிட
அரைத்துவிடுவது மலிவு என்று
கணக்குப் பிரிவிலிருந்து தாள் வந்தது.
கொல்லைப்புற இயந்திரம் இரவெல்லாம் மென்றது.
அதற்கு வரும் மின்சாரம் எங்கள் நாட்டு நிலக்கரி.
'யாரும் போடாமலேயே
ஊருக்குச் சூடேற்றிவிட்டது கோட்டு,
கெட்டிக்காரக் கோட்டு' என்றாள் ஒலேஸ்யா.
வாத்திறகு பறந்து முற்றத்தில் படிந்தது.
லாரிக்காரர் ஒருவர் பழக்கத்தில்
கண்ணாடி துடைப்பானைப் போட்டார்.

வியாழன் இரவு, மணி மூன்றிருக்கும்,
பொட்டலத்தின் மேல் என் கையெழுத்து.
யகோதா. இரண்டாம் மாடி. நானேதான்.
நவம்பரில் ஊழியர் தள்ளுபடியில்,
பன்னிரண்டு மணிநேரம் ஊரார் துணி பிரித்துவிட்டு
வீடு திரும்பும் பேருந்தில்
கட்டைவிரல் தானாக வாங்கிய சிவப்புக் கோட்டு.
காரணம்: மூன்று.
பொய். மாறுவதற்கு
முதலில் மனம் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்.

போட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதம்.
நிறம் படத்தில் இருந்த அதே நிறம்.
இரண்டே நிமிடத்தில் வியர்த்தது.
கழற்றி, வியர்வை பட்டதால் விற்க முடியாததாக்கி,
மூன்றை அழித்து நான்கைத் தட்டினேன்.
விளக்கம் தரவும் என்றது திரை.
'ஜனவரி வந்து சேரவில்லை' என்று எழுதினேன்.
நன்றி என்றது. அடுத்த பொட்டலம் என்றது.

அடுத்தது துணியே இல்லை,
வழி தவறி வந்த மரச் சறுக்குவண்டி,
பனியில் ஓட்ட, நாலு வயதுப் பையனுக்கு.
வாங்கி இரண்டு வருஷம், ரசீது இணைப்பில்.
அடியில் ஒரு கீறல்கூட இல்லை.
காரணம் ஒன்று: அளவு சரியில்லை.
பையன் வளர்ந்துவிட்டானாம்.